சேகரின் சைக்கிள் செயின்

இந்த ஊரில் வேலைநாளில் ஒருவன் சைக்கிள் மிதித்துப் போனால், அவன் வெளிநாட்டுத் தொழிலாளி என்று பார்த்தவுடனே முடிவு செய்துவிடுவார்கள். கார்க்காரர்கள் நம்மைத் தாண்டும்போது கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்ப்பார்கள். பட்டுக்கோட்டையில் என் அப்பா கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் சைக்கிளில்தான் போவார். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

சேகர் என் அறைத்தோழன், அறந்தாங்கிக்காரன். இங்கே தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. போன மாதம் வேலை முடிந்து வரும்போது ஒரு லோரி அவனை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவன் உடல் விமானத்தில் தனியாகத்தான் ஊருக்குப் போனது. கூடப் போக எனக்கு விடுப்பு தரவில்லை. போலீஸ் நிலையத்தில் மழையில் கிடந்த சைக்கிள் சென்ற வாரம்தான் என் கைக்கு வந்தது. கைப்பிடி வளைந்திருந்தது. செயின் துருவும் சேறுமாக இறுகிப்போயிருந்தது. “அதத் துருப்பிடிக்க விட்றாதீங்கண்ணே” என்று அவன் மனைவி தனம் ஃபோனில் சொன்னாள்.

கிள்ளானில் ஒரு கடைக்குப் போய்ச் செயினுக்கு எண்ணெய் கேட்டேன்.

“மோட்டார் செயினா பாஸ்?”

“சைக்கிளுண்ணே. சிநேகிதனோடது.”

“கூட்டாளி சைக்கிளா?” என்றார் கடைக்காரர். எங்கள் ஊரில் திருட்டிலோ வியாபாரத்திலோ பங்கு உள்ளவன்தான் கூட்டாளி. இங்கே நண்பனுக்கே அதுதான் பெயர். ஃபோனில் நான் காட்டிய சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு, “என்னா இப்படிப் போட்டு வச்சிருக்காரு? அவர ஒரு நாளு கடைக்கு வரச் சொல்லுங்க லா, எப்படிப் பாத்துக்கணும்னு நான் சொல்றேன்” என்றார்.

“சொல்றேண்ணே” என்றேன். எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். பழைய டூத்பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துச் செயினை ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். கறுப்புக் கசடு வழிந்தது. பின்பக்க கியரின் பற்களுக்கிடையில் நீலத் துணி நார் சுற்றிக் கிடந்தது. எங்கள் சீருடையின் நீலம். பிரஷைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே பிரித்தெடுத்தேன். எடுத்ததை எங்கே போடுவதென்று தெரியவில்லை. குப்பைத்தொட்டி பக்கத்தில்தான் இருந்தது. கடைசியில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். துணியால் செயினைத் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்தெடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

தனம் அழைத்தாள். “ஓடுதாண்ணே?”

“ஓடுதும்மா.”

“அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கேக்க விடுங்க. வேல முடிஞ்சு சைக்கிள உருட்டிக்கிட்டேதான் எங்கிட்ட பேசுவாரு. டிக் டிக்னு அதும் கூடவே வரும்.”

மிதியை வேகமாகச் சுற்றிவிட்டு, ஃபோனைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவளுக்குப் பின்னால் தெருவில் விளையாடும் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அங்கே இன்னும் வெயில். இங்கே பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கி, தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. சக்கரம் நிற்கப் போகும்போதெல்லாம் மறுபடியும் மிதியைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.