துண்டுக்குள் எண்ணிய வெண்பா

அன்பர்களே, இன்று காலை வேலூர் செல்லும் மோட்டார் பஸ்ஸில் நடந்தது இது.

தோல் தரகை விட்டுப் பாட்டெழுதப் புகுந்த நான் இயற்றும் முதல் வெண்பா. நாளை சோளிங்கர் மலையில் நரசிம்மன் திருமுன் பாட வேண்டும். சீர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பழைய வழக்கப்படி கை மேல்துண்டுக்குள் இருந்தது.

பக்கத்தில் வந்தமர்ந்த தோல் மண்டிச் சாயபு, துண்டுக்குள் கைவிட்டு என் விரல்களைப் பற்றினார். "இன்னா தரகரே, விலை ஜாஸ்தியா கேக்குறீங்க?"

முப்பது ஆண்டுகள் அப்படித்தான், துண்டு மறைவில் விரல் தொட்டு விலை சொல்லி, பேரம் பேசினோம். அந்தப் பிடியில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மணத்தோடு மண்டியே மீண்டு வந்தது. என்னையறியாமல் ஒரு விரலை மடக்கி விலையைக் குறைத்தேன்.

பிறகுதான், "விலை இல்ல சாயபு, வெண்பா!" என்றேன்.

"பாட்டா? சொல்லுங்க, கேப்போம்."

சொன்னேன். உருதுக் கவிதையான ஷாயரி கேட்டுப் பழகிய காது அவருக்கு. "மூணாவது அடி நொண்டுதே?"

எண்ணினேன், ஒரு சீர் குறைவு. கருணை என்னும் பொருளில் ஒரு சொல் வேண்டும். வேலூர் வரை ஒன்றும் அமையவில்லை.

இறங்கும்போது அவர் சொன்னார்: "'ரஹ்மத்து'ன்னு வச்சுப் பாருங்க. எங்க அரபியில அதுவும் கருணைதான்."

ஓசையும் பொருளும் இசைகின்றன, வைத்துவிட்டேன். நரசிம்மன் கோபிக்க மாட்டான். கோபிக்கும் பண்டிதர்கள், நாளை நான் மலையேறுமுன் வேறு சொல் தந்து உதவுக.