படத்தில் ஐந்து பேர்

தரையில் இருந்தால் பாண்டித்துரைக்குக் கால் நிற்காது. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் அவன் குடியிருந்த ஃபிளாட்டின் கூடத்தில், போனில் பேசும்போதுகூடச் சுவருக்குச் சுவர் நடப்பான். விமானத்தில் ஏறினால்தான் ஓரிடத்தில் உட்காருவான். அருப்புக்கோட்டையில் சர்வே படித்துவிட்டு ஷார்ஜா வந்தவனுக்கு, சிறு விமானத்திலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் வேலை. பதினோரு வருஷமாக மணலும் சாலையும்தான். எரிமலையை அவன் பார்த்ததே இல்லை.

செங்கடலில் ஆளில்லாத தீவு ஒன்று வெடித்துப் புகைகிறது, உடனே படம் வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் கேட்டது. மறுநாள் காலை சவுதிக் கரையிலுள்ள ஜிசானிலிருந்து கிளம்பினார்கள். விமானி மஹ்மூது, காயல்பட்டினத்துக்காரர்.

"பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள போக மாட்டேன். என்ஜின்ல சாம்பல் ஏறுச்சுன்னா கலாஸ், கதை முடிஞ்சுது" என்றார்.

பாண்டித்துரை பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து நீள லென்ஸை நீட்டினான். கரும்புகை சுருண்டு சுருண்டு ஏறி, காற்றடித்த பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் சிவப்பாக ஒழுகிய குழம்பு கடலைத் தொட்ட இடமெல்லாம் வெண்ணிற ஆவி. நூறு படம் எடுத்தும் அவனுக்கு ஆசை ஆறவில்லை.

லென்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கியபோது, தீவுக்கு இந்தப் பக்கம் ஒரு மீன்பிடிப் படகு தெரிந்தது. அது நகரவில்லை. சுற்றிலும் எரிமலை கக்கிய, நுரைபோல் லேசான கற்கள் மிதந்து அதை அடைத்திருந்தன. யாரோ சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாய், கீழே ஆளுங்க! படகு நின்னுபோச்சு!"

மஹ்மூது விமானத்தைத் திருப்பிப் படகைச் சுற்றி வந்தார். பாண்டித்துரை படகையே எடுத்தான். படத்தில் பதிந்த இடக்குறிப்பை உரக்க வாசித்தான். அவர் ரேடியோவில் சொன்னார். அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் தீவு இன்னொரு தடவை வெடித்தது. அவன் திரும்புவதற்குள் எல்லாம் புகையாகிவிட்டது. தவறவிட்டது நெஞ்சில் சுரீரென்றது. அப்படிச் சுட்டதற்காகவே அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

மாலையில் கடலோரக் காவல் படையிடமிருந்து செய்தி வந்தது: நாலு பேரை மீட்டாயிற்று.

ஷார்ஜா திரும்பியதும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. படகின் மூலையில் சுருண்டு படுத்தபடி இன்னொருவன். கை மட்டும் தூக்கியிருந்தது.

"பிருந்தா, இங்க வா. எத்தன பேருன்னு எண்ணு."

மனைவி குனிந்து பார்த்தாள். "அஞ்சுங்க."

அன்றே படத்தைக் காவல் படைக்கு அனுப்பினான். மஹ்மூதை நாளுக்கு மூன்று தடவை அழைத்தான். ராத்திரியெல்லாம் கூடத்தில் நடந்தான். "இப்படி நடந்தா கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க" என்றாள் பிருந்தா.

நாலாம் நாள் மஹ்மூதே கூப்பிட்டார். "உசிரோட இருக்கான்ப்பா. உன் படத்தைக் காட்டி அந்த நாலு பேரையும் விசாரிச்சிருக்காங்க. காலு வெந்துபோச்சாம். காவல் படை வர்றதுக்கு முன்னாடி வேறொரு சின்னப் படகு வந்திருக்கு. ஒரு ஆளுக்குத்தான் எடமாம். இவனை ஏத்தி அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரியில கெடக்கான்."

பாண்டித்துரை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது வெடிப்பின் படம் ஏன் இல்லை என்று கேட்டிருந்தார்கள். 'அப்போது படகை எடுத்துக்கொண்டிருந்தேன்' என்று ஒரே வரி எழுதி அனுப்பினான். பதில் வரவில்லை. அடுத்த வாரம் அல் ஐன் பக்கம் சாலை சர்வே. அதற்கு லென்ஸைத் துடைக்க உட்கார்ந்தான். கண்ணாடியில் சாம்பல் கீறிய கோடு ஒன்று இருந்தது, துடைத்தும் போகவில்லை.