காப்புக் கட்டாத வாசல்

எங்கள் கரிசலில் பூ பிந்தித்தான் வரும். ஐப்பசி மழை விழுந்து, தீபாவளி சீசன் ஓய்ந்த பிறகுதான் ஓடைக்கரையில் ஆவாரை மஞ்சளாக எழும். மார்கழியில் வெள்ளைக் கதிராகக் கண்ணுப்பிள்ளைப் பூ. இரண்டையும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டி, போகியன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருகுவோம். காப்பு என்று பெயர். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் கட்டுவதில்லை.

அந்த மார்கழியில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. என் வீட்டுக்காரர் வெந்துபோய் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாற்றுத்துணி எடுக்க நான் போகியன்று காலையில் ஊருக்கு வந்தேன். தெருவெல்லாம் பூ; எங்கள் வாசல் மட்டும் மொட்டை. காப்புக் கட்டியவள் என் ஓரகத்தி, அவருடைய அண்ணன் பெண்டாட்டி. எங்கள் வீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“டாக்டரே கையை விரிச்சுட்டாகளாமே. கட்டிட்டு அவுக்கணுமேன்னுதான் விட்டேன்” என்றாள்.

முந்தின நாள் என்னிடம் தண்ணீர் கேட்டுக் குடித்த மனுஷன் அவர். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிறவர்கள் உண்டு. இவள் உயிர் போகும் முன்னே பாடை கட்டியவள். நேரே ஓடைக்குப் போனேன். நல்லதையெல்லாம் ஊரே பறித்திருந்தது. கருவேல முள்ளுக்குள் மிச்சம் கிடந்ததைக் கை கிழியப் பறித்து வந்து நானே கட்டினேன்.

அன்றே மதுரைக்குத் திரும்பினேன். பொங்கலன்று ராத்திரி அவர் போய்விட்டார். மறுநாள் காலையிலேயே அவருடைய அண்ணனுக்குப் போனில் சொன்னேன். போஸ்ட்மார்ட்டம் முடிந்து ஆம்புலன்ஸ் ஊரை எட்டும்போது சாயங்காலம். அன்று மாட்டுப்பொங்கல். பங்காளி வீட்டில் சாவென்றால் அண்ணன் வீட்டிலும் பொங்கல் பானை ஏற்றக்கூடாது. அண்ணன் சாவுச் சேதியை ஊரில் யாரிடமும் சொல்லாமல் ஊர் எல்லையில் வந்து நின்று வண்டியை மறித்தார்.

“பானை ஏத்தியாச்சு தாயி. பொங்கி எறக்குற வரைக்கும் இங்கனயே இரு. அதுவரைக்கும் அவன் உசுரோடதான் இருக்கான்.”

டிரைவர் வண்டியை அணைத்தார். நான் பின்னால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாவிகள், நன்றாக இருக்கமாட்டார்கள் என்று மனதாரச் சபித்தேன். வெகுநேரம் கழித்துக் குலவை கேட்டது. பிறகுதான் வண்டியைத் தெருவுக்குள் விட்டார்கள். முதலில் ஓடி வந்தவள் ஓரகத்திதான். மாரில் அடித்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் வாயில் வெல்லம் மணத்தது.