ஐந்து நாள் பொறுக்கச் சொன்ன வைத்தியர்

மகளின் கண்கள் சிவந்தபோது நான் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு வயது மூன்று. காய்ச்சல் வந்து மூன்றாம் நாள். கண்ணில் பீளை இல்லை, வெறும் சிவப்பு. இதைப் படிக்கும் தாய்மார் அதை மனதில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

கையில் இருந்தது, நாங்கள் குடியேறியிருக்கும் இந்தக் குளிர்நாட்டின் கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைவண்டியில் அலைந்த ஒரு பாப்டிஸ்ட் வைத்தியரின் வாழ்க்கை வரலாறு. கணவரின் அக்கா எங்கள் தமிழ்ச் சபைக்காக மொழிபெயர்த்திருந்தார். பிழை திருத்துவது, தமிழ் படித்தவள் என்பதால், என் தலையில் விழுந்தது. எனக்கு மறுத்துப் பழக்கமில்லை.

அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வரவேயில்லை. பகலில் கழுவாத கையோடு பிரசவம் பார்ப்பார். மாலையில், ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா என்று புத்தகம் எழுதுவார். பனிக்கட்டியை உடைத்து ஆட்களை ஆற்றில் முக்குவார். மறுவாரம் அவர்களுக்கே சளி மருந்து கொடுப்பார். எந்த நூலை எடுத்தாலும் குற்றவாளி தாய்தான். பிள்ளையின் காய்ச்சல் ஐந்து நாள் முற்ற வேண்டுமாம். அதற்குள் வைத்தியரைத் தேடுவது விசுவாசக் குறைவாம். வீடுகள் தூரம், குதிரைக்குக் களைப்பு. அதை வேதமாக்கிவிட்டார்.

இவ்வளவு ஏளனம் செய்த நான்தான் காத்திருந்தேன். நான்காம் நாள் கணவரின் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டோ மச்சாள்?”

“போனமாதம் தும்மலுக்கும் ஓடினனீர்தானே? பகல் முழுக்கக் குந்தியிருந்து, வைரஸ் எண்டு கேட்டுக்கொண்டு வந்தனீர். ஐஞ்சு நாள் பாரும். ஏழாம் அத்தியாயம் எங்க? ஞாயிறு அச்சுக்குக் குடுக்கோணும்.”

“ஓம், முடிச்சுத் தாறன்.”

ஏழாம் அத்தியாயம்தான் காய்ச்சலைப் பற்றியது.

ஆறாம் நாள் காலை அவளுடைய உதடு வெடித்திருந்தது. நாக்கு ஸ்ட்ரோபெரிப் பழம்போலச் சிவந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். அவசரப் பிரிவில் எங்களைப் பார்த்தவர் சென்னையிலிருந்து பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர்.

“படிச்சவங்கதானே நீங்க? கண்ணு சிவந்தும் ஏங்க இவ்ளோ நாள் வெயிட் பண்ணீங்க?”

“ஒரு வைத்தியர் பொறுக்கச் சொன்னவர்.”

“எந்த டாக்டர்? பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“அவர் செத்துப்போனார்” என்றேன். மருத்துவர் பேனாவை மூடினார்.

நோய் கவசாகி (சிறுவரின் இரத்தக்குழாய்களில் வரும் அழற்சி). இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) பகல் முழுதும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. எக்கோவில் (ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் ஒன்று சற்று விரிந்திருந்தது.

“நான் பிந்தினதாலயோ?”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. பத்து நாளுக்குள்ள மருந்து போயிடுச்சு, அது நல்லது.”

நல்லது என்பதை விட்டுவிட்டு, சொல்ல முடியாது என்பதையே பிடித்துக்கொண்டேன்.

கட்டிலருகே மிச்ச மெய்ப்பைப் படித்தேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அந்தக் குதிரைவண்டி வைத்தியரின் சொந்த மகளுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளே குதிரையைப் பூட்டிப் பட்டணத்து வைத்தியரைக் கூட்டிவந்திருக்கிறார். பிள்ளை பிழைத்தது. அதன்பின் இன்னும் பல நூல்கள் எழுதியும், அந்த ஐந்து நாளை அவர் மாற்றவில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்த மச்சாளிடம் அந்தப் பக்கத்தை நீட்டினேன். தன் மொழிபெயர்ப்பையே முதன்முறை பார்ப்பவர்போலப் படித்தார்.

“இதை நான்தானே எழுதினனான்” என்றார். பிறகு, “ஏழாம் அத்தியாயத்தில என்ன செய்யப்போறீர்?”

“அடிக்குறிப்புப் போடப்போறன்.”

“பெரிய எழுத்தில போடும்.”

இப்போது வீட்டில் இருக்கிறோம். தினமும் சிறு அளவு ஆஸ்பிரின். “அம்மா, என்ர விரல் கழருது” என்று நீட்டுகிறாள். நுனித் தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். இந்நோயில் அப்படி உரியும் என்றார்கள். எங்களுக்குக் கிழமைகள் இல்லை. இந்த எக்கோவிலிருந்து அடுத்த எக்கோவரைதான் காலம்.

அவள் படம் வரையும்போது இடது மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுகிறேன். அந்த வைத்தியரும் மகளின் கையை இப்படித்தான் பிடித்திருப்பார், இரண்டாம் நாளிலேயே. நான் பிடித்தது ஆறாம் நாளில்.