பேஸ் கிட்டாருக்கு ஒரு துண்டு பனியன் துணி

பாட்டுக்குப் பின்னணியில் தும் தும்மென்று ஒலிக்க வேண்டிய, விலை குறைந்த என் பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டியும் சத்தம் தகரம் போலவே இருந்தது. கம்பிகளுக்கு அடியில் துணி செருகினால் மெத்தென்று ஆகும் என்று இணையத்தில் சொன்னார்கள்.

திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? இன்று மதியம், பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத்துணி விற்கும் வேஸ்ட் கடைக்குப் போனேன்.

"ஒரே ஒரு துண்டா? எதுக்குங்க?" என்றார் கடைக்காரர்.

சொன்னேன்.

"அப்ப கழுத்துக்கு வெக்கற ரிப் துணி வெச்சுப் பாருங்க, நல்லா அமுங்குமுங்க. வாசிச்சு வாட்ஸப்ல அனுப்புங்க, கேக்கறேன்."

வாசித்து அனுப்பு, கேட்கிறேன் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. அறைக்கு வந்ததும் துணியைச் செருகி, மூன்று நிமிடம் வாசித்து அனுப்பினேன். இத்தனை நாள் தேடிய அதே சத்தம்.

சற்றுமுன் பதில் வந்தது.

"முழுசாக் கேட்டனுங்க. நல்லாருக்குதுங்க. பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

டிரம்ஸ், கீபோர்டு, பாட்டு, எது தெரிந்தவரானாலும் கமெண்டில் வாருங்கள். அவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.