மிலோய்கா டீச்சர் தலையாட்டிய முடிவு

மிலோய்கா டீச்சரிடம் கதை விட்டுத் தப்பித்த பிள்ளை சவின்யா பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் பதக்கம் வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஐந்து புத்தகம் படிக்க வேண்டும். படித்தால் மட்டும் போதாது, நூலகத்தில் அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும். பின்னட்டையை மட்டும் மேய்ந்துவிட்டு வருகிறவன், அக்காவிடம் கேட்டுக்கொண்டு வருகிறவள், படத்தைப் பார்த்தே கதை கட்டுகிறவன் என்று எத்தனையோ பேரை இருபத்தாறு வருஷமாகப் பார்த்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த நாய்க்கு என்ன நிறம்?” என்பார். அவ்வளவுதான். பிள்ளை பள்ளிக்குள் மட்டும் போடும் துணிச்செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்பிப் போகும்.

அப்பேர்ப்பட்டவர் மூன்று வருஷமாக ஒரு புத்தகத்தைக்கூட முழுசாகப் படிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான். கணவர் யோஷ்கோ இருந்தவரை, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேசையின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர், ஆளுக்கொரு புத்தகம். நல்ல இடம் வந்தால் யோஷ்கோ சத்தமாகப் படித்துக் காட்டுவார். “சும்மா இருங்களேன், நானும் படிக்கிறேன்ல” என்று இவர் எரிந்து விழுவார். அவர் போன பிறகு எரிந்து விழ ஆளில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பத்தாம் பக்கம் வருவதற்குள் காது எதிர்ப்பக்கத்துச் சத்தத்துக்குக் காத்திருக்கத் தொடங்கும். அழுகை வரும். மூடி வைத்துவிடுவார்.

பழைய புத்தகங்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். புதிதாக வருகிறவற்றுக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முதலில் படித்துவிட்டு வரும் பிள்ளை சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள்வார். அடுத்து வருகிற பிள்ளைகளை அந்த அளவுகோலை வைத்து அளப்பார். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவரே தன்னைத் திட்டிக்கொள்வதுண்டு. இருந்தாலும் பிள்ளைகள் சொல்லக் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. அந்த மூன்று வருஷமும் வீட்டுக்கு ஒரு கதையாவது வந்ததென்றால் அது பிள்ளைகளின் வாய் வழியாகத்தான் வந்தது.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பதக்க விழா. சிரில் யெலென் என்ற எழுத்தாளர் வருவதாக இருந்தது. எழுத்தாளர் என்றால் பெரிய ஆள் இல்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகர். கடைசி நிலையத்தில் வண்டி திரும்புவதற்கு இருபது நிமிஷம் நிற்கும் அல்லவா, அந்த இருபது நிமிஷத்தில் எழுதுகிறவர். எட்டு வருஷத்தில் மூன்று புத்தகம். கடைசியாக வந்தது, லிஸ்கா என்ற ஆடு டிக்கெட் இல்லாமல் ரயிலேறிய கதை. அந்த வருஷம் எட்டுப் பிள்ளைகள் அதைப் படித்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம், வரவேற்புரைக்கு நல்லதாக இரண்டு வரி எடுக்கலாம் என்று மிலோய்கா டீச்சர் பள்ளியில் இருந்த ஒரே பிரதியைக் கையில் எடுத்தார். புரட்டிக்கொண்டே போனார். ஐம்பத்தாறாம் பக்கத்தில், ‘பரிசோதகர் இருக்கைக்கு அடியில் குனிந்தார். அங்கே’ என்று இருந்தது. அதற்கப்புறம் பின்னட்டைதான். பசை விட்டுக் கடைசி ஏடுகள் எப்போதோ உதிர்ந்து போயிருந்தன.

அவருக்கு மூக்கில் வியர்த்தது. எட்டுப் பேரும் முடிவைச் சொன்னார்களே? அதுவும் ஒரே முடிவை? இருக்கைக்கு அடியில் இருந்த லிஸ்கா, பரிசோதகரின் பையில் கிடந்த டிக்கெட்டையெல்லாம் தின்றுவிடுகிறது. பயணிகளின் கையில் இருந்ததையும் விடவில்லை. யாரிடமும் டிக்கெட் இல்லை என்றால் யாரை இறக்கிவிடுவது? வண்டி நிற்காமல் ஓடித் தண்டவாளம் முடியும் இடத்தில், கோப்பர் துறைமுகத்தில், கடலுக்கு முன்னால் போய் நிற்கிறது. “இவ்வளவு தண்ணி, ஒரு வாளியக் காணோமே” என்கிறது லிஸ்கா. பரிசோதகர் முதல் முறையாக வண்டியை விட்டு இறங்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருகிறார்.

இதை எங்கே படித்தார்கள்? யார் வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறது? மண்டை குடைச்சல் தாங்காமல், இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்து ஷாலெட்ஸ் நகர நூலகத்துக்குப் போனார். பிரதி கிடைத்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார். ஆனால் முதல் பக்கத்தில் ஆடு வேலி தாண்டிய விதம் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பேருந்து வந்தது, போனது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது அறுபத்து நான்கு பக்கமும் முடிந்திருந்தது. பத்தாம் பக்கம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

புத்தகத்தில் கடல் இல்லை. பரிசோதகர் ஆட்டைக் கண்டுபிடித்து, அதன் கழுத்தில் ஒரு டிக்கெட்டைக் கட்டி, அடுத்த வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். வீட்டில் திட்டும் வைக்கோலும் கிடைக்கின்றன. நல்ல முடிவுதான். ஆனால் வேறு முடிவு.

வெள்ளிக்கிழமை காலை, செருப்பு மாற்றும் இடத்தில் மூன்றாம் வகுப்புத் தீனேயை மடக்கினார்.

“டேய், ஆடு கடலுக்குப் போச்சுன்னு உனக்கு யாருடா சொன்னது?”

“ப்ரீனா.”

“அவ சொன்னா நம்பிடுவியா?”

“கடைசி ஏட்டக் காணோம் டீச்சர். அதான் எல்லாரும் அவளக் கேட்டோம். அவளுக்குத்தான் நீங்க சரின்னு சொன்னீங்களாமே!”

ப்ரீனா அந்த வகுப்பிலேயே குட்டை. முன்பல் இரண்டும் விழுந்து, பேசும்போது காற்றாக வரும். நூலகத்துக்குள் வரும்போதே பின்னலைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

“பக்கம் இல்லன்னு எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நான்தான் கிழிச்சேன்னு சொல்லுவீங்க.”

“அப்ப அந்த முடிவு?”

“யோசிச்சேன். ஐம்பத்தாறு பக்கம் படிச்சேன்ல, அந்த ஆடு எப்படிப்பட்டதுன்னு தெரியாதா? பையில டிக்கெட் இருந்தா அது சும்மா விடுமா? பயந்துகிட்டேதான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க தலைய ஆட்டி, ‘சரி, ரொம்ப நல்லா சொன்னே’ன்னுட்டீங்க.” அவள் இன்னும் கிட்டத்தில் வந்தாள். “அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல டீச்சர். புத்தகத்துல இருக்கிறத நான் எப்படிக் கரெக்டா கண்டுபிடிச்சேன்?”

மிலோய்கா டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்த வருஷம் லிஸ்கா கதையை முதலில் சொன்ன பிள்ளை ப்ரீனாதான். அவளை வைத்துத்தான் மற்ற ஏழு பேரையும் அளந்திருக்கிறார். “அப்புறம் சொல்றேன், போ” என்று அனுப்பிவைத்தார்.

தலைமையாசிரியை ஸ்டாங்கா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காப்பிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இதுல என்னடி இருக்கு? எட்டுப் பேரையும் கூப்பிட்டு, சரியான முடிவ இப்பவே சொல்லிக் குடுத்துடு. பழைய பிரதி, பக்கம் போச்சு, அந்தப் பொண்ணு வாய்க்கு வந்ததக் கட்டிவிட்டா. முடிஞ்சுது. நீ ஏன் நடுவுல தலையக் குடுக்கறே?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்தான். மறைத்தால் மிலோய்கா டீச்சர் பெயர் கெடாது. ஆனால் டீச்சரை ஏமாற்றியவள் என்ற பெயர் ப்ரீனாவுக்கு வரும். எட்டு வயதுப் பிள்ளை அதற்கப்புறம் ஒரு புத்தகத்தைத் தொடுமா? தொட்டாலும், இல்லாத பக்கத்தை இனி ஒருநாளாவது யோசிக்குமா? இதை நினைத்தபோது டீச்சருக்கு உண்மையாகவே பயம் வந்தது. தன் பெயரைப் பற்றிய பயமும் கூடவே இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

பதினொரு மணிக்கு உடற்பயிற்சிக் கூடம் நிறைந்திருந்தது. பெற்றவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். ஓரத்து மேசையில் யாரோ சுட்டுக் கொண்டுவந்த வால்நட் ரொட்டி அறுத்து வைத்திருந்தது. சிரில் யெலென் சீருடையிலேயே வந்திருந்தார், ஒன்றே காலுக்கு அவருக்கு வண்டி. மிலோய்கா டீச்சர் எழுதிவைத்த வரவேற்புரையை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“ஒரு விஷயம் சொல்லணும். மூணு வருஷமா புதுப் புத்தகம் எதையும் நான் முழுசா படிக்கல. புள்ளைங்க சொல்றதக் கேட்டே காலத்த ஓட்டிட்டேன். யெலென் சாரோட புத்தகத்தையும் படிக்காமலே எட்டுப் பேருக்குச் சரின்னு தலையாட்டிட்டேன். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம் அது. தப்பு என்னோடது, புள்ளைங்களோடது இல்ல. இருந்த பக்கத்தையெல்லாம் அவங்க படிச்சிருக்காங்க.”

கூடம் சலசலத்தது. “அடேங்கப்பா!” என்றாள் பின்னாலிருந்து ஒரு தாய். “நாய் என்ன நிறம்னு கேட்டு எம் பையன மூணு தடவ திருப்பி அனுப்பினீங்களே, அது மட்டும் எப்படி?” சிலர் சிரித்தார்கள். டீச்சருக்குக் காது மடல் சிவந்தது.

சிரில் யெலென்தான் ஆர்வம் தாங்காமல் எழுந்துவிட்டார். “இருங்க, இருங்க. பக்கம் இல்லாம என் ஆடு எங்க போச்சு?”

எல்லாத் தலையும் ப்ரீனா பக்கம் திரும்பியது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, காற்றடிக்கும் பல்லோடு, டிக்கெட்டிலிருந்து கடல் வரை சொன்னாள். வாளி வந்த இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பரிசோதகர் பூட்ஸைக் கழற்றிய இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

“பத்தொம்பது வருஷமா ரயில்ல போறேன்” என்றார் மெதுவாக. “அந்த மனுஷன இறக்கிவிடணும்னு எனக்குத் தோணவே இல்லியே.”

பிறகு பையிலிருந்து தன் பிரதியை எடுத்துக் கடைசி எட்டுப் பக்கத்தையும் படித்துக் காட்டினார். பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள். முடிந்ததும், “வீட்டுக்கேவா திரும்பிப் போச்சு?” என்று தீனே இழுத்தான்.

ப்ரீனாவின் முகம் சுண்டிப் போயிருந்தது. அவள் எழுத்தாளரைப் பார்க்கவில்லை. வரிசையை விட்டு எழுந்து நேரே மிலோய்கா டீச்சரிடம் வந்தாள்.

“அப்ப நான் கண்டுபிடிக்கலியா?”

“இல்லடா.”

“கடல் புத்தகத்துல எங்கயுமே இல்லியா? நடுவுலயும் இல்லியா?”

“முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டேன். எங்கயும் இல்ல.”

ப்ரீனா பின்னலை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு, மற்றவர்கள் காதில் விழக்கூடாதென்பது போலத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அப்ப அது என்னோடதா?”

“உன்னோடதுதான்” என்றார் மிலோய்கா டீச்சர். இந்தத் தடவை படித்துவிட்டுச் சொன்னார்.