வீட்டுக்கு ஒரு மைல் அட்டை

“ஏம்மா, ஏறி உக்காந்து போறதுக்கு அவனே பாயின்ட் குடுப்பானா? நம்ம பஸ் ஸ்டாண்டுல போய்க் கேளு, எந்தக் கண்டக்டராவது குடுக்கறானான்னு.”

மூன்று வருடங்களுக்கு முன், நான் ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பிய வாரத்தில், விமானத்தில் போகப் போகப் பாயின்ட் சேரும், அதை வைத்துச் சும்மாவே டிக்கெட் வாங்கலாம் என்று நான் சொன்னதற்கு, பெரியப்பா சொந்தக்காரர்கள் நடுவே இப்படிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்த மிதப்பு சும்மா இருக்குமா? “பாருங்க பெரியப்பா, அந்தப் பாயின்ட்லயே எங்கம்மாவ பட்டம் வாங்கற அன்னிக்கி அங்க கூட்டினு போறேன்” என்றேன். அம்மா அதை உறுதிமொழியாகவே எடுத்துக்கொண்டாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் எலுமிச்சை ஜூஸ் விற்கிறவள். “சும்மான்னா வரேன். உன் காசப் போட்டுன்னா வர மாட்டேன்” என்று அன்றே நிபந்தனையும் போட்டுவிட்டாள்.

இங்கே ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இது புள்ளிகளை வழிபடும் தேசம் என்று. காய்கறிக் கடையில் விலையைச் சொல்லும் முன்பே அட்டை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும், படிப்போடு நான் பார்க்கும் வேலையில் உடன் இருக்கும் உல்ரிக்கேவுக்குச் சொல்ல நிறையக் கதைகள் வைத்திருந்தேன். அவளோ ஒன்றுதான் கேட்டாள்: “உன் டிக்கெட்டில் என்ன எழுத்து?” ஒவ்வொரு டிக்கெட்டிலும் மூலையில் ஓர் எழுத்து இருக்குமாம், எத்தனை மைல் சேரும் என்பதை அதுதான் சொல்லுமாம்; விமானக் கம்பெனிகள் பாயின்ட்டை மைல் என்றுதான் சொல்கின்றன. என்னுடையதைப் பார்த்துவிட்டு “ஷாடே” என்றாள். ‘அடடா, பாவம்’ என்பதை ஜெர்மன்காரர்கள் முகம் கோணாமல் சொல்லும் விதம் அது. எங்கள் ஊரில் சாதியைச் சுற்றிவளைத்துத்தான் விசாரிப்பார்கள். இங்கே ஓர் எழுத்தோடு வேலை முடிகிறது.

நான் டிக்கெட் வாங்கியது ஒரு கம்பெனியில், ஏறியது வேறொரு கம்பெனியின் விமானத்தில். இதற்குக் கோட்ஷேர் என்று பெயர். எனக்கு இது புதிதல்ல. பௌர்ணமிக்குக் கோயில் பக்கத்து லாட்ஜில் ரூம் போட்டுவிட்டு வருகிறவர்களை, “ரெண்டும் நம்முளுதுதான் சார்” என்று தள்ளியிருக்கும் வேங்கிக்கால் லாட்ஜுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என்ன, லாட்ஜ்காரர் முழு ராத்திரியும் தூங்க விடுவார். பங்காளி விமானத்திலோ என் எழுத்துக்குத் தூரத்தில் கால் பங்குதான் மைலாகச் சேரும். நான் என்னவோ முழு உடம்போடு முழுத் தூரமும்தான் போயிருந்தேன். கம்பெனிச் செலவில் கால் நீட்டிப் படுத்து வருகிறவருக்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டாகக் கொட்டுமாம்.

அதனால்தான் தம்பியைச் சேர்த்துக்கொண்டேன். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை பார்க்கும் அவன் வந்துபோவதும் பங்காளி விமானங்களில்தான். “கவுன்ட்டர்ல என் நம்பரக் குடுடா” என்றேன். ரேஷன் கடையில் வீட்டில் யார் கைரேகை வைத்தாலும் அரிசி வீட்டுக்குத்தானே வருகிறது? ஒரு குடும்பம், ஓர் அட்டை. அவனும் ஒவ்வொரு தடவையும் கொடுத்தான். நானும் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். ஒருநாளும் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை.

போன மாதம் பட்டமளிப்பு அழைப்பு வந்ததும் திறந்தேன். என் கால் பங்குகள் மட்டும் இருந்தன. தம்பியின் பயணங்கள் ஒன்றுகூட ஏறவில்லை. விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

“பயணியின் பெயரும் உறுப்பினரின் பெயரும் ஒன்றாக இல்லையே” என்றாள் அந்தப் பெண்.

“அவன் என் தம்பி. நாங்கள் ஒரே குடும்பம்.”

“மிகவும் மகிழ்ச்சி” என்றாள், நான் ஏதோ நல்ல செய்தி சொன்னதுபோல. “ஆனால் பறப்பவருக்குத்தான் மைல்.”

“மைல் எங்கள் அம்மாவுக்காக.”

“அவரும் பறந்தாரா?”

“இல்லை, பறக்கத்தான் கேட்கிறேன்.”

விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். பிறகு அந்த ‘ஷாடே’.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், பாயின்ட்டில் வந்தது என்று. வாய் வரவில்லை. அவள் திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்தாள்.

“மலைய யார் சுத்தறாங்களோ அவங்களுக்குத்தான் புண்ணியம். ஜூஸ் விக்கிற எனக்கே தெரியுது, உனுக்குத் தெரியலியா? இவ்ளோ படிச்சிக்கினு இன்னாடி பண்ண?”

“அப்போ வர மாட்டியாம்மா?”

“காசு குடுத்து வேணாம். உன் பெரியப்பன் வேற கேட்டுக்கினே இருக்கான், பாயின்ட் எவ்ளோ ஜாஸ்தி ஆச்சின்னு.”

இரண்டு நாள் பெரியப்பாவோடு மனதுக்குள் சண்டை போட்டேன். அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதைவிட அம்மா வராமலே இருக்கட்டும் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அந்தக் கணத்துக்காக வெட்கப்பட்டேன். மண்டபத்தில் காலியாகப்போவது பெரியப்பாவின் நாற்காலி அல்லவே.

நேற்று என் சம்பளத்தில் டிக்கெட் எடுத்தேன், வேண்டுமென்றே பணம் திரும்பாத வகையில். வர மாட்டேன் என்றால் வீணாகும் என்று போனில் சொன்னதும் அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! வீணடிப்பது அவளால் முடியாத காரியம். திட்டி முடித்துவிட்டு, அங்கே குளிர் எப்படி என்று கேட்டாள்.

அதோடு நிற்கவில்லை. அம்மா பெயரிலேயே தனி உறுப்பினர் எண் பதிந்தேன். ‘உங்கள் சொந்த ஊர் விமான நிலையம்’ என்று ஒரு கட்டம் வந்தது. யோசிக்காமல் சென்னை என்று போட்டேன். பிறகு என் பக்கத்தைத் திறந்தேன். அதே கட்டம் அங்கே மூன்று வருடமாக வெறுமையாக இருக்கிறது. சென்னை என்று அடித்தேன், அழித்தேன். ஸ்டுட்கார்ட் என்று அடித்தேன், அதையும் அழித்தேன். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஏற்க மாட்டேன் என்றது. வெறுமையாகவே விட்டுவிட்டு, அம்மாவின் டிக்கெட்டை அச்செடுக்கக் கொடுத்தேன்.